மூக்கன் முறை

டன்ஸ்டன் துரை நீதிபதியாக இருந்த காலத்தில், அவருடைய கோர்ட்டுக்குள் குற்றவாளி என்று நுழைந்த எவனும் நிரபராதி என்று வெளியே வந்ததில்லை. இதனால் துரையைக் கொடுமைக்காரர் என்று எண்ணிவிடக் கூடாது. ஒருவனை விடுதலை செய்வதானால் காரணம் எழுத வேண்டும். தண்டிப்பதானால் பெயரை எழுதினால் போதும். துரைக்குப் பதினொரு மணிக்குக் காப்பி வந்துவிடும். அதற்குள் அன்றைய வழக்குகள் முடிந்தாக வேண்டும். இதில் அவர் எந்த வழியில் போவார் என்று ரங்கூன் ஆற்றங்கரையில் அரிசி மூட்டை சுமக்கிற கூலிக்குக்கூடத் தெரியும்.

அந்தக் கோர்ட்டில் தமிழ் துபாஷி மரியஜோசப். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். கறுப்புக் கோட்டும் கழுத்துவரை பொத்தானும் போட்டுக்கொண்டு, மிங்கலா தாங்ஞுன்டில் ரயில் பாதைக்குப் பின்னாலிருந்த மரவீட்டிலிருந்து தினமும் கோர்ட்டுக்கு நடந்து வருவார். கூலிகள் பேசுகிற தமிழைத் துரைக்கு இங்கிலீஷாக்கித் தருவதும், துரை பேசுகிற இங்கிலீஷைக் கூலிகளுக்குத் தமிழாக்கித் தருவதும் அவர் வேலை. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்பவர். ஆகவே இரண்டு பக்கமும் அவரை மற்றப் பக்கத்து ஆள் என்றே நினைத்தது.

துரைக்கு இருந்த ஒரே கஷ்டம் தமிழர்களின் பெயர்கள். ஒருநாள் தெருவில் படுத்துத் தூங்கிய குற்றத்துக்காகப் பெரியகருப்பன் சேர்வை என்று ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். துரை "பெரி" என்று ஆரம்பித்தார். பிறகு "பெரிகா" என்றார். மறுபடியும் முதலிலிருந்து ஏறிப் பார்த்தார். கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குக் கோபத்தைக் கிளப்பியது. தெருவில் தூங்கியதற்கு ஒரு தண்டனை, கோர்ட்டின் நேரத்தை வீணாக்கும் பெயர் வைத்திருந்ததற்கு இன்னொரு தண்டனை என்று இரண்டாக எழுதி அனுப்பினார்.

அடுத்து நின்றவன் பெயர் அதைவிட நீளம். மரியஜோசப்புக்கு இரக்கம் வந்துவிட்டது. கூடவே துரையின் காப்பி நேரமும் வந்துவிட்டது. எது முந்தி வந்தது என்று அவரே பிற்பாடு பலமுறை யோசித்ததுண்டு. துரை நிமிராமலே பெயரைக் கேட்டார்.

"மூக்கன், துரை" என்றார் மரியஜோசப்.

"மூக்கன்!" என்றார் துரை. ஒரே மூச்சில் வந்துவிட்டது. தமிழ் பாஷையையே வென்றுவிட்டவர்போல இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்துக்கொண்டு, பாதித் தண்டனையோடு அவனை விட்டுவிட்டார்.

பின்வரிசையில் நின்று இதைக் கவனித்தவர் சபாபதி மேஸ்திரி. ஆற்றங்கரைக் கூலிகள் முக்கால்வாசிப் பேர் அவர் கீழே இருந்தார்கள். சாயங்காலம் மரியஜோசப்பை வழியில் பிடித்துக்கொண்டார்.

"துபாஷையா, இனிமே நம்ம ஆளுக எவன் வந்து நின்னாலும் மூக்கன்னே போட்டுருங்க. புண்ணியமாப் போகும்."

"எல்லாருமா மூக்கன்? அதெப்படி மேஸ்திரி?"

"துரை என்ன, நிமிந்தா பாக்குறாரு?"

பார்ப்பதில்லைதான். 'ஒரு முகத்தைப் பார்த்தால் நான் மறக்கமாட்டேன்' என்று டன்ஸ்டன் துரை அடிக்கடி சொல்வார். அது உண்மையாகவும் இருக்கலாம். பார்த்தால்தானே.

கூலிகள் குடியிருந்த லைன்களில் அதற்கு முன்பே ஒரு வழக்கம் உண்டு. கப்பல் வந்து நிற்கும்போது நல்ல சுமைகாரன் ஒருவன் கோர்ட்டுக்குப் போய்விட்டால் அவன் செட்டு முழுவதும் நொண்டிப்போகும். ஆகையால் எவனுக்குச் சம்மன் வந்தாலும், அன்றைக்குக் காய்ச்சலில் கிடப்பவனோ, முதுகு பிடித்தவனோ, சும்மா இருப்பவனோ அவனுக்குப் பதிலாகப் போய் நின்று தண்டனையை வாங்கிக்கொண்டு வந்துவிடுவான். தண்ணீர் எடுப்பதற்கும் சோறாக்குவதற்கும் முறை வைத்திருந்ததுபோல இதற்கும் முறை வைத்திருந்தார்கள். "இன்னைக்குக் கோர்ட்டு முறை யாருக்குடா?" என்று விடிந்ததும் லைனில் குரல் கேட்கும். துரையின் நாக்கு சுளுக்கிய அன்றிலிருந்து அதற்கு மூக்கன் முறை என்று பெயர் வந்துவிட்டது. பதினெட்டு வயது மூக்கன் வந்தான். பல் கொட்டின மூக்கன் வந்தான். வடு விழுந்த முகம், வழுக்கைத் தலை, ஒன்றரைக் கண், எல்லாம் மூக்கன். துரை தலை குனிந்து தண்டித்துக்கொண்டே இருந்தார்.

இதையெல்லாம் முழுசாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் துரைக்குப் பின்னால் கதவோரத்தில் உட்கார்ந்து பங்கா இழுத்த இராமையா ஒருவர்தான். கால் கட்டைவிரலில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு இழுப்பார். அவருக்குக் கூலிகளின் முகமெல்லாம் தெரியும். துரையைப் பொறுத்தவரை பிடரி மட்டும் தெரியும். பிற்பாடு மின்சார விசிறி வந்தது. இராமையாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீடு என்று ஒன்று இல்லாததால் அவர் சபாபதி மேஸ்திரியின் லைனில் ஒரு மூலைக்குப் போய்ச் சேர்ந்தார்.

இப்படிப் பத்து வருஷம் ஓடியது. இத்தனை வேகமாக நீதி வழங்கும் மனிதரை ஒரு நாற்காலியிலேயே உட்கார்த்தி வைப்பது நாட்டுக்கு நஷ்டம் என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றியது. ஆற்றங்கரைக் காவற்படை என்று புதிதாக ஒன்றை ஏற்படுத்தி, டன்ஸ்டன் துரையை அதற்குத் தலைவராக்கினார்கள். துரை போகும்போது மேஜை, மணி, மைக்கூடு இவற்றோடு மரியஜோசப்பையும் எடுத்துக்கொண்டு போனார்.

பதவியேற்பு அன்று பாண்டு வாத்தியம் வாசித்தார்கள். துரை பேசினார். மரியஜோசப் தமிழில் சொன்னார்.

"கனவான்களே, பத்து வருஷமாக நீதிபதி ஆசனத்தில் என்னை வருத்திய விஷயம் ஒன்றே ஒன்றுதான். தீர்ப்பு என் மனத்தில் தயாராக இருக்கும். ஆனால் விசாரணை வந்து குறுக்கே நிற்கும். நீதிபதி, போலீஸ் ஆளைக் கொண்டுவரும்வரை காத்திருக்கிறார். போலீஸ், நீதிபதி தீர்ப்புச் சொல்லும்வரை காத்திருக்கிறது. இந்த இரண்டு காத்திருப்பையும் இன்று என் ஒரே உடம்பில் ஒழித்துவிட்டேன். இனி ஒருவனை நான் பிடித்தேன் என்றால், அவனைப் பிடிக்கத்தான் வேண்டும் என்று நானே தீர்மானித்திருப்பேன். இதைவிடப் பாரபட்சமற்ற முறை வேறென்ன இருக்க முடியும்?"

கூட்டம் கைதட்டியது. தமிழ் கேட்டவர்கள் தட்டவில்லை. மரியஜோசப்பின் மொழிபெயர்ப்பில் ஏதோ பிசகு என்று துரை நினைத்துக்கொண்டார்.

காவற்படை அலுவலகத்தில் துரை முதலில் கட்டியது ஒரு மேடை. முறையீடு கொண்டுவருகிறவரின் பெயரைச் சேவகன் மூன்று தடவை கூவ வேண்டும். அவர் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்ய வேண்டும். கமருன்னிசா என்று ஓர் அம்மாள் ஆடு திருட்டுப்போனதாகச் சொல்ல வந்தாள்.

"ஆடு உன்னிடம் இருந்தது என்பதற்கு என்ன சாட்சி?" என்று துரை கேட்டார். மரியஜோசப் தமிழில் கேட்டார்.

"தெருவே பார்த்திருக்குங்களே!"

"இருந்த ஆட்டைப் பார்த்தார்கள். திருடியதை யார் பார்த்தது?"

"திருடனைப் பிடிச்சு அவனையே கேளுங்க. அவன் பார்த்திருப்பான்."

"ஆடு தானாகவே விரும்பிப் போயிருக்கலாம் அல்லவா?"

கமருன்னிசா மரியஜோசப்பை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன்யா, அவருதான் கேக்குறாரு. நீயும் அதைத் தமிழ்ல என்கிட்ட கேக்குறியே, ஒனக்கு வெக்கமா இல்ல?" என்றாள். அவருக்கு இருந்தது. ஆனால் வெட்கத்தை மொழிபெயர்ப்பது அவருடைய வேலையில் சேர்ந்ததில்லை. அம்மாள் ஆட்டைத் தலைமுழுகிவிட்டு இறங்கிப் போனாள்.

திருடனை விரட்டுகிற காவலன் நடுவழியில் ஒரு தடவை நின்று, விரட்டுவதற்குப் போதிய முகாந்திரம் உண்டா என்று தன்னையே கேட்டுக்கொண்டு அப்புறம்தான் ஓட வேண்டும் என்று உத்தரவாயிற்று. காவலர்களுக்கு இந்த உத்தரவு மிகவும் பிடித்திருந்தது. மூச்சு வாங்கிக்கொள்ளத் தோதாக இருந்தது. மூன்று மாதத்தில் ஆற்றங்கரையில் முறையீடே இல்லாமல் போயிற்று. குற்றம் அடியோடு ஒழிந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின.

அதில் ஒரு சங்கடம் முளைத்தது. குற்றமே இல்லாத கரைக்குக் காவற்படை எதற்கு என்று மேலிடத்தில் கேட்டுவிட்டார்கள். துரைக்கு அவசரமாக ஒரு குற்றவாளி வேண்டியிருந்தது. பெரிய குற்றவாளி. கிளப்பில் ஒரு விருந்தின்போது, "உங்கள் அனுபவத்தில் மிகப் பயங்கரமான பேர்வழி யார்?" என்று ஒரு சீமாட்டி விசாரித்தாள். துரை நினைவுக்குள் துழாவினார். பத்து வருஷத்தில் அவர் தண்டித்த ஆயிரக்கணக்கான பேரில், அவர் நாக்கில் நின்றது ஒரு பெயர்தான்.

"மூக்கன்" என்றார் துரை.

கரண்டிகள் நின்றன. துரைக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"எத்தனை தடவை தண்டித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது, அம்மணி. திங்கட்கிழமை வருவான். செவ்வாய்க்கிழமையும் வருவான். ஒருநாள் காலையிலேயே மூன்று தடவை வந்தான். அப்படிப்பட்ட துணிச்சல். வாயைத் திறந்து ஒரு வார்த்தை மறுத்ததில்லை. அப்படிப்பட்ட அழுத்தம்."

மறுநாளே மூக்கன் வேட்டை தொடங்கியது. அடையாளம் சொல்லத் துரை மரியஜோசப்பையும் பழைய சேவகர்களையும் கூப்பிட்டுக் கேட்டார். எல்லாரும் உண்மையையே சொன்னார்கள். ஆகவே மூக்கன் சில சமயம் குள்ளம், சில சமயம் நெட்டை, நடுத்தர வயதுடைய இளைஞன், தலைமயிர் உண்டு, இல்லை என்று தண்டோரா போட்டார்கள். மாறுவேடத்தில் மகா சமர்த்தன் என்று துரை அதற்கு விளக்கம் சொன்னார். தின்கன்ஜூனில் ஒரு நாவிதரைப் பிடித்து மூன்று நாள் வைத்திருந்தார்கள், மாறுவேடத்துக்கு உடந்தையாக இருந்திருக்கலாம் என்று. கியாக்தானில் ஆற்று நடுவே இருக்கும் பகோடாவில் மூக்கன் ஒளிந்திருப்பதாகத் துப்பு வந்து, நீராவிப் படகில் ஒரு பட்டாளம் போய் இறங்கியது. அங்கே யாத்ரீகர்கள் கெளிற்று மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டாளமும் கொஞ்சம் பொரி போட்டுவிட்டுத் திரும்பியது.

இந்த நாட்களில் மரியஜோசப் மனத்துக்குள் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். இல்லாத ஒருவனை எத்தனை நாள் தேடுவார்கள் என்று நினைத்தார். அதுதான் அவர் செய்த தப்பு.

ஒரு பகல் கப்பல் துறையில் நூறு பேர் மூட்டை சுமந்துகொண்டிருந்தபோது காவலன் ஒருவன் சும்மா, "மூக்கா!" என்று குரல் கொடுத்துப் பார்த்தான். அந்தப் பெயரில் தண்டனை அனுபவித்தவர்கள் அங்கே நாற்பது பேராவது இருந்தார்கள். ஒருவன்கூடத் தலையைத் திருப்பவில்லை. வரிசையின் கடைசியில் ஒருவன் மட்டும் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, "என்னங்க?" என்று ஓடி வந்தான். பாவம், அவனுக்கு உண்மையிலேயே பெயர் மூக்கன். ஊரிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கோர்ட்டு எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாதவன்.

ஒரே பேர்வழி பல தடவை தண்டனை அடைந்திருந்தால், அவனை வந்த ஊருக்கே கப்பலேற்றிவிடலாம் என்று அப்போது புதிதாகச் சட்டம் வந்திருந்தது. மூக்கனைக் கப்பலேற்றுவது என்று துரை தீர்மானித்தார். பிடிப்பதற்கு முன்னாலேயே தீர்மானித்துவிட்டார். ஆகவே தாமதம் ஏற்படவில்லை.

மறுநாள் காலை மரியஜோசப் வீட்டுப் படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மூக்கனின் மனைவி அம்சவேணி. ஆறு மாதக் கர்ப்பம்.

"ஐயா, நாங்க போன தையிலதான் வந்தோம். பத்து வருசமாக் குத்தம் பண்ணினாருங்குறாங்க. பத்து வருசத்துக்கு முன்னாடி அந்த மனுசருக்கு மீசையே மொளைக்கல. அவரை மட்டும் ஏத்தி அனுப்பிட்டா நான் இந்த ஊர்ல எங்கய்யா போவேன்? நீங்க துரைக்குப் பக்கத்துல நிக்கிறவரு. ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சொல்றேம்மா" என்றார் மரியஜோசப்.

மரியஜோசப்பின் மனைவி செசிலியா உள்ளேயிருந்து கஞ்சி கொண்டுவந்து அவளுக்குக் கொடுத்தாள். அம்சவேணி போனதும் கணவரிடம் திரும்பினாள்.

"என்ன சொல்லப் போறீங்க?"

"இந்த மூக்கன் அந்த மூக்கன் இல்லைன்னு."

"அந்த மூக்கன் யாருன்னு துரை கேப்பாரே?"

மரியஜோசப் கோட்டை மாட்டிக்கொண்டார்.

"அந்தப் பேரை அவரு வாயில ஊட்டிவிட்டது யாருன்னும் சேத்துச் சொல்லிட்டு வாங்க. பாதியைச் சொல்றதுக்கு நீங்க போகவே வேண்டாம்" என்றாள் செசிலியா.

வழியெல்லாம் அவர் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனார். எல்லாம் நல்ல இங்கிலீஷ். துரை அறையில், துறைமுகத்தில் பேசப்போகும் வழியனுப்பு உரையைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"துரை மன்னிக்க வேண்டும். பிடிபட்டிருக்கும் ஆள், நம் கோர்ட்டில் நின்ற ஆள் அல்ல."

"அப்படியா? நம் கோர்ட்டில் நின்றது யார்?"

"பலர், துரை."

டன்ஸ்டன் துரை கண்ணாடியிலிருந்து திரும்பினார். கோபப்படவில்லை. ஒரு குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல நிதானமாகப் பேசினார்.

"மிஸ்டர் ஜோசப், ஒரு முகத்தைப் பார்த்தால் நான் மறப்பதில்லை. இது ரங்கூனுக்கே தெரியும். என் முன்னால் பலர் நின்றிருந்தால் எனக்குப் பல முகங்கள் நினைவிருக்கும். எனக்கு ஒரு முகம்கூட நினைவில் இல்லை. ஆகவே நின்றது ஒருவன். அவன் மாறுவேடக்காரன். மேலும், அந்தத் தண்டனைகளை எதிர்த்து இதுவரை ஒருவன்கூட அப்பீல் செய்யவில்லை. அப்பீல் செய்யாத தீர்ப்பு சத்தியம். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை என்று சொல்ல வருகிறீர்களா?"

மரியஜோசப் வாய் திறந்தார். அந்த ஒரு கணத்தில் அவருக்குப் பென்ஷன் ஞாபகம் வந்தது. கான்வென்டில் படிக்கிற மகள் ஞாபகம் வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் அவருக்கென்று விட்டுவைக்கிற முன்வரிசை இடம் ஞாபகம் வந்தது. அம்சவேணியும் ஞாபகத்துக்கு வந்தாள். ஆனால் அவள் கடைசியாக வந்தாள். முன்னால் வந்தவர்கள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்லை, துரை."

"அப்படியானால் நின்றது இவன்தான்."

"ஆமாம், துரை."

"பிரமாதம். எனக்கு நேர்மையான சாட்சி ஒன்று குறைந்திருந்தது. அவர்களை உள்ளே கொண்டுவரச் சொல்கிறேன். இதை அவர்கள் பாஷையில் அவர்களிடமே சொல்லிவிடுங்கள். மறைவில் ஒருவனைக் குற்றம் சாட்டுவது என் நியாய உணர்வுக்கு ஒவ்வாது."

மூக்கனைக் கொண்டுவந்தார்கள். கூடவே அம்சவேணியும் வந்தாள். நல்ல ஓங்கிய ஆள் மூக்கன், இருபத்துமூன்று இருபத்துநாலு வயது இருக்கும். மரியஜோசப்பைக் கண்டதும் அவன் முகம் விரிந்தது. தமிழ் தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்துவிட்ட சந்தோஷம் அது.

"துரை என்ன சொல்றாருன்னா" என்று மரியஜோசப் ஆரம்பித்தார்.

துரை விரலை உயர்த்தினார். மூக்கன் என்பதைத் தவிர அவருக்குத் தெரிந்த இன்னொரு தமிழ் வார்த்தை 'துரை'. "என்னை ஏன் இழுக்கிறீர்கள், ஜோசப்? இது உங்கள் சாட்சியம்."

பத்து வருஷமாகப் பிறர் பேச்சையே பேசி வந்த மனிதர், முதன்முறையாகச் சொந்தமாக ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். "பத்து வருசமாக் கோர்ட்டுல வந்து நின்னது இந்த ஆள்தான். நான் பார்த்திருக்கேன்."

அம்சவேணி திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். தூற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அவரைப் பார்த்தபடியே நின்றாள். மூக்கன்தான் பேசினான், மனைவியிடம், அடங்கின குரலில்:

"அழாத. ஐயா வேற யாரையோ நெனச்சுக்கிட்டுச் சொல்றாரு. பெரியவங்களுக்கு மறதி வர்றதுதான."

அன்றைக்கே துரை மரியஜோசப்புக்குக் கிரீடம் பொறித்த பித்தளைப் பில்லை ஒன்றைக் கோட்டில் குத்திவிட்டார். காவற்படையின் முதல் கௌரவம். வீட்டுக்கு வந்ததும் செசிலியா அதைக் கழற்றி வாங்கிப் பார்த்தாள். அடுப்படியில் பிடிதுணி மாட்டுகிற ஆணியில் கொண்டுபோய் மாட்டினாள். அதற்குப் பிறகு கரி ஏறிய பிடிதுணி கிரீடத்தின்மேல்தான் தொங்கியது.

கப்பலேற்றும் நாள் வந்தது. துறைமுகத்தில் தோரணம் கட்டியிருந்தார்கள். துரைசானிகள் குடையோடு வந்திருந்தார்கள். பாண்டுக்காரர்கள் வெயிலில் காய்ந்தார்கள். மரியஜோசப் துரைக்குப் பக்கத்தில், தரையைப் பார்த்தபடி நின்றார். விலங்குச் சத்தம் அருகே வந்து நின்றது. வேறு வழியில்லாமல் நிமிர்ந்து பார்த்தார்.

விலங்கோடு நின்றது இராமையா.

பங்கா இழுத்த இராமையாதான். எழுபதுக்குச் சமீபம். ஒட்டின கன்னம், நரைத்த தாடி, வலது கால் கட்டைவிரலில் கயிறு தேய்த்த தழும்பு. தாடியைச் சீவி ஒதுக்கியிருந்ததால் முகத்தில் ஒரு கல்யாணக் களைகூட இருந்தது. மரியஜோசப் பின்னால் திரும்பினார். கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப்புறம் சபாபதி மேஸ்திரி வெற்றிலை மென்றுகொண்டு நின்றார்.

"மேஸ்திரி, இது எப்படி?"

"எப்படின்னா? கோர்ட்டுக்கு ஆள் மாத்துறாப்புலதான். லாக்கப்பு சார்ஜெண்டு ஒரு மூக்கனை ஒப்படைக்கணும், அம்புட்டுத்தான அவருக்கு? ஒப்படைச்சுட்டாரு. பெரியவரு ஊர்ல இருக்குற மகளைப் பாக்கப் போகணும்னு ரெண்டு வருசமாத் தவிச்சுக்கிட்டுக் கெடந்தாரு. சர்க்கார் செலவுல ஊருக்குக் கப்பல் கெடைக்குதுன்னதும் லைன்ல அடிதடி. 'எட்டு வருசம் மூக்கன் முறை பாத்தவன், நான்தான் போவேன்'னு ஒருத்தன் கத்துறான். கடைசியில அம்மன் கோயில்ல பூப்போட்டுப் பாத்து இவருக்கு விழுந்துச்சு."

"அந்தப் பையன் மூக்கன்?"

"இருக்கான், பொண்டாட்டியோட. பேரை மாத்திக்கிட்டான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மேஸ்திரி."

மேஸ்திரி எச்சிலை ஓரமாகத் துப்பினார். குரலில் கோபமே இல்லை. "சொல்லலாம்னுதான் இருந்தேன். லைன்ல ஆளுக வேண்டாம்னுட்டாங்க. சொன்னா அதையும் நீங்க துரைகிட்ட இங்கிலீசுல சொல்லிருவீங்களாம்."

பாண்டு நின்றது. துரை பேசினார்.

"சீமாட்டிகளே, கனவான்களே! இதோ மூக்கன். போன வாரம் இளைஞனாகப் பிடிபட்டவன், இன்று கிழவனாக நிற்பதைப் பாருங்கள். கடைசி நிமிஷம்வரை மாறுவேடம்! ஆனால் டன்ஸ்டனை ஏமாற்ற முடியாது." அவர் இராமையாவின் அருகே போய், முகத்துக்கு நேராக முகத்தை வைத்து உற்றுப் பார்த்தார். துரைசானிகள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். "இந்த முகம்! பத்து வருஷமாக எனக்குத் தெரிந்த முகம் இது. இனியும் மறக்கமாட்டேன். சொல்லுங்கள் ஜோசப், அவனுக்கு."

மரியஜோசப் சொன்னார். இராமையா துரையை ஆர அமரப் பார்த்தார். புருவம், மூக்கு, மீசை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அப்படியா தம்பி? நான் இன்னைக்குத்தான் இவரு மூஞ்சியப் பாக்குறேன். பிடரியத்தான் நல்லாத் தெரியும். இடது பக்கம் ஒரு மரு இருக்கும். மழைக்காலத்துல சொறிவாரு."

"என்ன சொல்கிறான்?" என்றார் துரை. அவருடைய இடது கை தன்னையறியாமல் பிடரிக்குப் போயிற்று.

மொத்தத் துறைமுகமும் மரியஜோசப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேஸ்திரி பார்த்தார். கயிற்றுக்கு அப்பால் கூலிகள் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் இராமையா கப்பலேற முடியாது, மூக்கன் மறுபடி பிடிபடுவான். பொய்தான் சொல்ல வேண்டும். இந்தத் தடவை பொய்தான் தர்மம் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனால் இந்தப் பொய்க்கும் போன வாரத்துப் பொய்க்கும் நாக்கில் ருசி வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

"மன்னிப்புக் கேட்கிறான், துரை."

பலத்த கைதட்டல். இராமையா படியேறி, மேலே போய், காற்று வருகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

மூக்கனை ஒழித்த புகழோடு டன்ஸ்டன் துரைக்கு அதைவிடப் பெரிய பதவி வேறொரு மாகாணத்தில் கிடைத்தது. காவற்படையைக் கலைத்தார்கள். மேஜையும் மணியும் மரியஜோசப்பும் பழையபடி கோர்ட்டுக்குத் திரும்பின. ஆசனத்தில் இப்போது சீமையிலிருந்து புதிதாக வந்த இளம் நீதிபதி. தலைக்கு மேலே மின்சார விசிறி. அவரும் பதினொரு மணிக்குக் காப்பி சாப்பிடுகிறவர்.

முதல் நாள், முதல் வழக்கு. துறைமுகத்து நடைபாதையில் அடுப்பு வைத்துச் சமைத்த குற்றம். சேவகன் வாசலில் நின்று மூன்று தடவை கூவினான்.

"மரியஜோசப்! மரியஜோசப்! மரியஜோசப்!"

துபாஷி தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்து ஓர் அடி முன்னால் வைத்துவிட்டார். அதற்குள் பின்வரிசையிலிருந்து ஓங்கிய ஆள் ஒருவன் எழுந்து, கூண்டில் ஏறி நின்றான். மூக்கன். பெயரைக் கடன் வாங்கியவனுக்குரிய கூச்சத்தோடு துபாஷியைப் பார்த்து லேசாகச் சிரித்தான். அவனுக்குப் பின்னால் பெஞ்சில் சபாபதி மேஸ்திரி. மேஸ்திரிக்குப் பக்கத்தில் கைக்குழந்தையோடு அம்சவேணி. அவள் அன்றைக்குப் பார்த்ததுபோலவே இன்றைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜோசப்!" என்றார் நீதிபதி, தலை குனிந்தபடியே. "நல்லவேளை, எனக்குச் சொல்ல வருகிற மாதிரி ஒரு பெயர். குற்றத்தை ஒப்புக்கொள்கிறானா, கேளுங்கள்."

துபாஷி கூண்டின் பக்கம் திரும்பினார். அந்த லைனில் இனி எத்தனை வருஷத்துக்கு எத்தனை பேர் அந்தப் பெயரில் வந்து நிற்பார்கள், ஒவ்வொருவனிடமும் தான் இதைக் கேட்க வேண்டியிருக்கும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"மரியஜோசப்" என்றார். "குத்தத்தை ஒத்துக்கிறியா?"

மூக்கன் மேஸ்திரியைப் பார்த்தான். மேஸ்திரி தலையசைத்தார்.

"ஒத்துக்கிறேங்கய்யா."

துபாஷி நீதிபதியின் பக்கம் திரும்பினார். மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஆனாலும் வேர்த்தது.

"மரியஜோசப் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான், துரை."